ஜனவரி 14 காற்றாடிமலை பயணம்: பெயர் கொடுங்கள்

இயேசுவுக்கே புகழ்! அன்பிய உறவுகளே, இந்த வருடம் புனித தேவசகாயம் திருநாளுக்கு எல்லோரும் குடும்பத்தோடு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அவர் குருவானவர் இல்லை, துறவியும் இல்லை. அரண்மனை வேலையில் இருந்த, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு வாங்கினார், மனைவி பார்கவியும் திருமுழுக்கு வாங்கி ஞானப்பூ என்ற பெயர் பெற்றார். சங்கிலியில் கட்டி, எருமை மேல் உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனபோதும் விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தபோது வயது 39 தான். அதனால்தான் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்கிறேன்.

1. காலை 5.30-க்கு கோவில் வாசலில் இருந்து வேன் கிளம்பும்.
2. முதலில் வடக்கன்குளம், அப்புறம் காற்றாடிமலை. தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கட்டும்.
3. கடைசியாக கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறையில் குடும்பம் குடும்பமாக ஜெபம்.
4. ஆளுக்கு 250 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.
5. தண்ணீர், தொப்பி, ஜெபமாலை கொண்டு வாருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் மலையடியில் உட்கார ஏற்பாடு செய்கிறோம்.

பொங்கல் வேலை இருக்கும், தெரியும். மதியம் 2 மணிக்குள் திரும்பிவிடலாம். 10-ஆம் தேதி இரவுக்குள் குடும்பத் தலைவர் பெயரும் எத்தனை பேர் என்பதும் இங்கேயே போடுங்கள்.