பதின்மூன்று நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாவலிலிருந்து வந்த கிரைம் திரில்லர் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 'விசாரணை' (2015) பற்றிய பத்தியில், வெற்றிமாறன் நாவலை அப்படியே படமாக்கியிருக்கிறார் என்று எழுதியிருந்தது. நாவலைப் புரட்டியவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

நாவலை எழுதிய மு. சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். 1983இல் ஆந்திராவின் குண்டூரில் செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்டு அடிபட்டதைத்தான் 'லாக்கப்' என்ற அந்த நாவலில் எழுதினார். படத்தின் முதல் பாதி மட்டுமே அந்த நாவல். கோர்ட்டில் தமிழ் தெரிந்த போலீஸ் அதிகாரி முத்துவேல் (சமுத்திரக்கனி), பிடிபட்ட பாண்டி முதலான பையன்களுக்காகப் பேசுவதும், அதற்குக் கைம்மாறாக அவர்கள் ஆடிட்டர் கேகேயைக் கடத்த உதவுவதும், சென்னை ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவும்போது காதில் விழக் கூடாதது விழுவதும் படத்துக்காகச் சேர்த்தவை.

சேர்த்ததைக் குறையாகச் சொல்லவில்லை. 'லாக்கப்' எழுதியவரின் சொந்தக் கதை. சொல்கிறவன் பிழைத்து வந்துவிட்டான் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். படத்துப் பாண்டிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கடைசியில் இருட்டில் தண்ணீருக்குள் அவன் பதுங்கியிருக்கும்போது தியேட்டரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பதைபதைப்பு அங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர் சொல்வது சரிதான்.

ஆனால் எனக்கு நாவல்தான் அதிகம் பயம் காட்டியது. நான் வக்கீல் குமாஸ்தா. இருபது வருஷத்துக்கு மேலாக ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு) தாள்களோடு புழங்குகிறவன். பிடித்தவரைப் பிரயாண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. சந்திரகுமார் லாக்கப்பில் கிடந்ததோ 13 நாள். அந்த நாட்களில் அவர் எந்தத் தாளிலும் இல்லை. தாளில் இல்லாதவனுக்கு ஜாமீன் மனு போடக்கூட வழியில்லை. ஒரு முறை ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கைது நேரம் முந்தின நாள் மாலை 6.30 என்று இருந்தது. முகத்தில் நாலு நாள் தாடி. சட்டையில் மட்டும் புதுச்சட்டையின் மடிப்பு கலையவில்லை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம்தான் கோர்ட்டில் செல்லாதே, பிறகு எதற்கு இந்த அடி என்று படம் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டாள். மாஜிஸ்திரேட் கேட்கும்போது இவன் வாயாலேயே 'ஆமாம்' என்று வரவேண்டுமே, அதற்குத்தான். படத்தில் பாண்டி அங்கே போய் மாற்றிச் சொல்வதுதான் அந்த முதல் பாதியின் உச்சம். அவன் பேசுவது தமிழ், வழக்கு நடப்பது தெலுங்கில். இந்த இடத்தைக் கட்டுரை தொடவே இல்லை. சமுத்திரக்கனிக்குத் தேசிய விருது கிடைத்ததற்கு மட்டும் நாலு வரி.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் இயக்குநர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர் பெயரெல்லாம் இருக்கிறது. நாவலாசிரியர் பெயர் இல்லை. கட்டுரையின் தலைப்பிலேயே 'நாவல்' என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

வக்கீல் குமாஸ்தா, ஈரோடு
(பெயரை வெளியிட வேண்டாம்)