கடல் ‘திடீரென’ உள்வாங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த அமாவாசைக்கு மறுநாள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ‘பாம்பனில் திடீரென உள்வாங்கிய கடல்: பொதுமக்கள் அச்சம்’ என்ற தலைப்பில் படத்துடன் ஒரு செய்தி வந்திருந்தது. அந்தப் பொதுமக்களில் நானும் ஒருத்தி என்பதால், அச்சப்பட்டவர்கள் யார் என்று தெருவில் விசாரித்தேன், ஒருவரும் அகப்படவில்லை. தங்கள் செய்தியைப் படித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பி வந்துவிடு, அக்கா” என்று அழுத என் தங்கைதான் நான் அறிந்து அச்சப்பட்ட ஒரே ஆள்.

படத்தில் தரைதட்டிச் சாய்ந்து நிற்கும் வல்லம் என்ற மீன்பிடிப் படகை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். அதன் பின்புறம் ஒருவர் குந்தியிருப்பதும், அவர் கையில் சுரண்டி இருப்பதும் அச்சிலேயே தெளிவாகத் தெரிகின்றன. நல்ல வற்றம் (கடல்நீர் இறங்குவது) உள்ள நாளாகப் பார்த்து வல்லத்தைக் கரையோரம் விட்டு, நீர் இறங்கியதும் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, நீர் திரும்ப உயரும் ஏற்றம் வருவதற்குள் வேலையை முடிப்பது எங்கள் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வழக்கம். அந்த மனிதரின் வேலைநாளைத் தங்கள் நிருபர் பேரிடராக்கிவிட்டார்.

முந்தைய நாள் இதழின் பஞ்சாங்கக் கட்டத்தில் ‘இன்று அமாவாசை’ என்று நாழிகை பிசகாமல் அச்சிட்டவர்களும் தாங்களே. அக்னி தீர்த்தத்தில் நீராடிய கூட்டத்தைப் படம் எடுத்து வெளியிட்டவர்களும் தாங்களே. கூட்டம் ஏன் வந்தது என்று அறிந்த பத்திரிகைக்கு, தண்ணீர் ஏன் போனது என்பது மட்டும் தெரியாமற்போனது எங்கள் துரதிர்ஷ்டம்.

தாங்கள் அறியாததைச் சொல்ல வரவில்லை. பூமியைச் சூரியன் இழுக்கும் விசை நிலாவினுடையதைப் போல ஏறத்தாழ 180 மடங்கு என்றாலும், ஓதத்தை, அதாவது கடலின் இந்த ஏற்றவற்றத்தை, எழுப்புவது அந்த முழு இழுப்பு அன்று. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே அந்த இழுப்பில் உள்ள வேறுபாடே என்பதும், தொலைவு கூடக் கூட அவ்வேறுபாடு வெகு விரைவில் தேய்வதால் நிலாவின் பங்கில் பாதிகூடச் சூரியனுக்கு இல்லை என்பதும் 1687-இல் நியூட்டன் விளக்கியதிலிருந்து உலகம் அறிந்தவை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், அந்நாள்களிலும் அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றம் மிகுதியாகவும் வற்றம் ஆழமாகவும் இருக்கும். அட்டமி, நவமியில் செங்கோணத்தில் இழுப்பதால் ஏற்றம், வற்றம் இரண்டுமே சுரத்தில்லாமல் போகும். குசராத்தின் அலங்கில் பழைய கப்பல்களை உடைப்பவர்கள்கூட இந்தக் கணக்கைப் பார்த்தே கப்பலைக் கரையேற்றுகிறார்கள். நம் பாக் நீரிணையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கடலடி மிக மெல்லச் சரிவதால், நீர் ஒரு முழம் இறங்கினாலே வெகுதூரம் மணல் தெரியும். கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்றும் வீசிவிட்டால் இன்னும் தெரியும். தங்கள் புகைப்படக்காரருக்கு நல்ல படமும் கிடைக்கும்.

என் தாயார் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசி எடுத்து எங்களை வளர்த்தவர். விரல்களில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடும் அந்த வேலையை ஏற்றத்தில் செய்ய முடியாது. பள்ளி வாசலையே மிதிக்காத அவர், “வற்றம் நாளுக்கு ரெண்டு நாழிகை தள்ளிப்போகும்” என்று கணக்கிட்டு, எந்த நாளில் எப்போது வீட்டைவிட்டு இறங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம்; நிலா நாள்தோறும் தாமதிப்பது சராசரியாக 50 நிமிடம். அடுப்பில் உலை வைப்பதுகூட எங்கள் வீட்டில் நிலாவைப் பார்த்துத்தான் நடந்தது. அப்படிப்பட்ட கடலைத் ‘திடீர்’ என்று எழுதினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

இது முதல் முறையும் அன்று. கோள்கள் ஒரே வரிசையில் வருவதால் கடல் பொங்கும் என்று ஒரு சோதிடர் கூறியதைத் தாங்கள் முன்பு அரைப் பக்கத்துக்கு வெளியிட்டீர்கள். வெள்ளி நமக்கு மிக நெருங்கி வரும்போதுகூட, கடலின்மீது அதன் ஓத விசை நிலாவினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை விளக்கி நான் எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் மாற்றி மாற்றி எழுதுவதைச் சுட்டிக்காட்டிய அஞ்சலட்டைக்கும் அதே கதிதான்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், 2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியவில்லை. அன்றும் பௌர்ணமிதான், ஆனால் அன்றைய அழிவுக்குக் காரணம் நிலா அன்று, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம். 1964-இல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது புயல் எழுப்பிய கடல். ஓதம் இறங்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுக்கும். ஆழிப்பேரலைக்கு முன் கடல் பின்வாங்கினால், அது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். இத்தனைக்கும் சேர்த்து ‘உள்வாங்கியது’ என்ற ஒரே தலைப்பை அமாவாசைதோறும் போட்டால், உண்மையிலேயே ஓட வேண்டிய நாளில் என் தங்கைகூட நம்ப மாட்டாள்.

நான் கேட்பது சிறிய உதவி. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல்சார் தகவல் சேவை நிறுவனமும் ஓத முன்கணிப்பைத் தருகிறது. ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே, நம் கரைக்குரிய ஏற்றம், வற்ற நேரங்களையும் இரண்டே வரிகளில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடப்பற்றாக்குறை என்றால் வார ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடைய கடகத்தையே எடுத்துவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாம்பன்.