சிறு வங்கிகளை நேரில் வந்து பாருங்கள்

வங்கிகளையும் சேமிப்புக் கூட்டுறவுகளையும் கண்காணிக்கும், தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் புருடென்ஷியல் அத்தாரிட்டி அதிகாரிகளுக்கு, டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வணக்கம்.

எங்கள் வட்டாரச் சேமிப்புக் கூட்டுறவின் கதவில் போன மாதம் ஒரு தாள் ஒட்டினார்கள். கணக்குச் சரிபார்ப்பு முடியும்வரை யாரும் பணம் எடுக்க முடியாதாம். என்ன குறை, எப்போது முடியும் என்று ஒரு வரி இல்லை. சரிபார்ப்பு உங்களுடையது என்பதால் இதன் பின்னணி உங்களுக்குத் தெரியும். அந்தத் தாளால் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அதே வாரம் எங்கள் தெருவில் ஓர் அக்காவின் வீட்டுக்காரர் காலமானார். தையல் ஆலையில் வேலை பார்த்த காலத்திலிருந்து மாதம் தவறாமல் அவர் கட்டிய பணம் பாஸ்புக்கில் இருக்கிறது. பெட்டிக்கும் வண்டிக்கும் கிளேர் எஸ்டேட் மயானத்துக்கும் கொடுக்கக் கையில் காசில்லை. அக்கா மஷோனிசா எனும் வட்டிக்காரரிடம் போய்க் கந்துவட்டிக்கு வாங்கினார். பதினாறாம் நாள் காரியமும் கடனில்தான் நடந்தது. "பணம் இருக்குதுப்பா, எடுக்கத்தான் விடமாட்டேங்கிறாங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் பாஸ்புக்கை விரித்துக் காட்டினார். செத்தவரின் சேமிப்பு அவர் சாவுக்கே உதவவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆய்வாளரை நேரில் அனுப்புங்கள். தாளில் வரும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்.

விபிஎஸ் என்ற சிறு வங்கியில் தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கே பொய்யாக இருந்தது. நகராட்சிகளிடம் வைப்புத்தொகை வாங்கக் கூடாத வங்கி அது. வாங்கியது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதைத் தன் பொறுப்பில் எடுத்தபோது, கிட்டத்தட்ட 200 கோடி ரேண்டு சூறையாடப்பட்டிருந்தது. லிம்போப்போ மாகாணத்தின் ஏழைகள், ஈமச்சடங்குச் சங்கங்கள் வரை அதில் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன மாறியது? 2024 ஏப்ரலில் வந்த வைப்புக் காப்புறுதி, வங்கி முறிந்தால் ஒருவருக்கு 1,00,000 ரேண்டு வரை தருகிறது, நல்லதுதான். ஆனால் அது பதிவுபெற்ற வங்கிகளுக்கு. எங்களுடையது போன்ற கூட்டுறவு நிதி நிறுவனத்தில் போட்டவருக்கு அந்தக் குடையும் இல்லை.

"அப்படியானால் பெரிய வங்கிக்குப் போங்கள்" என்பீர்கள். சம்பளச் சீட்டு இல்லாத பாட்டியை அங்கே யார் உட்காரவைத்துப் பேசுகிறார்கள்? தெருவில் காய்கறி விற்பவருக்கு யார் கடன் கொடுக்கிறார்கள்? இந்தச் சிறு கூட்டுறவுகள் வேண்டும் என்றுதான் 2007இல் கூட்டுறவு வங்கிச் சட்டமே வந்தது. அங்கே கணக்கு எழுதுபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ சங்கத்துப் பொருளாளராகவோ இருப்பார். அவருக்கு மிரட்டல் கடிதத்தைவிடப் பயிற்சியும் ஒரு நல்ல மென்பொருளும் பயன்படும். திருடினால் உள்ளே தள்ளுங்கள். தெரியாமல் தவறினால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் நேரில் வரவேண்டும்; வருடத்துக்கு ஒரு முறையாவது வரவேண்டும். அதுவரை, சாவுச் செலவுக்கும் மருந்துக்கும் மட்டுமாவது உறுப்பினர்கள் தங்கள் பணத்தை எடுக்க வழி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். என்ன குறை கண்டீர்கள் என்பதையும் அந்தக் கதவிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் உறுப்பினர் ஒருவர்