கடனுக்குக் கீழே ஒரு வீடு, கில்லிங்ஹமில் இன்னொன்று

இல்ஃபோர்ட்

அன்பின் மச்சான் பரா,

நாங்கள் இங்கு நலம். அங்கு எல்லோரும் நலம் என்று கட்டையன் சொன்னான். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ வட்சப்பில் திட்டியது முழுவதையும் கேட்டேன். திட்டு நியாயமானதுதான், ஆனால் அதற்குள் குடை விஷயத்தை இழுத்திருக்கத் தேவையில்லை.

கில்லிங்ஹமில் ஒரு வீடு வாங்கப் போகிறோம். அப்படியானால் இல்ஃபோர்ட் வீட்டை விற்றுவிட்டாயா என்று நீ கேட்பாய். விற்கவில்லை, இன்றைய நிலையில் விற்கவும் முடியாது. 2017 வசந்தத்தில் 3,85,000 பவுணுக்கு வாங்கிய தொடர்மாடி வீட்டை, போன மாதம் வந்து பார்த்த மதிப்பீட்டாளர் 2,60,000 என்று எழுதிக் கொடுத்தார். வங்கிக்கு நாங்கள் இன்னும் கட்டவேண்டியது 2,88,000. வீட்டின் விலையைவிடக் கடன் கூடிப்போன இந்த நிலையை இங்கிலாந்தில் நெகட்டிவ் ஈக்விட்டி என்கிறார்கள். காணி விலை இறங்கியதாக எவரும் சொல்லிக் கேட்டிராத யாழ்ப்பாணத்து அளவெட்டியில் வளர்ந்த என் அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டைத் தனிக் கடிதமாகத்தான் எழுதவேண்டும். "அப்ப முதல் கட்டின காசு எங்கே போனது?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காசு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். நாங்கள் குடிபுகுந்த சில வாரங்களில், அந்த ஜூன் 14 அன்று, லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன்பின் நாடெங்கும் கட்டடங்களின் வெளிச்சுவரில் என்ன பொருத்தியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியபோது, எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தின் கிளாடிங் என்ற வெளியுறையும் எரியக்கூடியதென்று தெரிந்தது. அதன் பிறகு, வாங்க வருபவரின் வங்கி, வெளிச்சுவரின் தீப்பாதுகாப்பைச் சோதித்துக் கொடுக்கும் ஈ.டபிள்யூ.எஸ். 1 என்ற படிவத்தைக் கேட்கிறது. எங்களிடம் அது இல்லை. திருத்த வேலை எப்போது தொடங்கும் என்பதற்குக் கட்டட முகவர் ஒவ்வொரு கூட்டத்திலும் வெவ்வேறு பருவகாலத்தைச் சொல்கிறார். காசை ஒரேயடியாகக் கொடுத்து வாங்குபவர்கள் மட்டுமே கேட்கிறார்கள், அவர்கள் கேட்கும் விலையை எழுதினால் நீ சிரிப்பாய். ஒரு ஆறுதல் உண்டு. 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் எங்களைப் போன்றவர்களிடம் கிளாடிங் செலவைக் கேட்கக்கூடாது என்கிறது; அந்தப் பாதுகாப்பு 2022 பெப்ரவரி 14 அன்று நாங்கள் அங்கே குடியிருந்ததை வைத்துத் தீர்மானமாவதால், இனி இன்னொரு வீடு வாங்குவதால் அது பறிபோகாது. இதை மட்டும் வழக்கறிஞரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சாவியை வங்கியின் மேசையில் வைத்துவிட்டு நட என்று நீ சொன்னது பகிடியா, உண்மையா என்று தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் வீடு வாங்க எடுத்த கடனாக இருந்தால் பெரும்பாலும் அப்படி நடந்துவிடலாம், இங்கிலாந்தில் முடியாது. வங்கி வீட்டை விற்று, விற்ற காசு போதாமல் நிற்கும் மிச்சக் கடனுக்கு உன்னைத் துரத்தும். வட்டி நீங்கலான முதல் தொகைக்கு 12 வருடம்வரை வழக்குப் போடலாம். 1989 இல் வட்டி 15 வீதத்தைத் தொட்ட பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வந்த எங்கள் அண்ணை ஒருவருக்கு, அவர் அதை மறந்து, புது வீடு வாங்கி, மகளுக்குக் கலியாணமும் பேசிக்கொண்டிருந்த வேளையில் வழக்கறிஞர் கடிதம் வந்ததை நீயும் அறிவாய்.

ஆகவே இல்ஃபோர்ட் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இதை வாங்குகிறோம். மகனும் மகளும் இனியும் ஒரே அறையில் படுக்க முடியாது. வாடகைக்கு விட எங்கள் வங்கி இரண்டு வருடத்துக்கு அனுமதி தந்திருக்கிறது. கில்லிங்ஹம் வீட்டின் விலை 3,40,000. சாதாரணமாக இதற்கு முத்திரை வரி 7,000 தான். பழைய வீடு கையில் இருப்பதால் மேலதிகமாக 5 வீதம், அதாவது இன்னொரு 17,000. முன்பு 3 வீதமாக இருந்ததை 2024 ஒக்டோபர் 31 முதல் 5 ஆக்கிவிட்டார்கள். பழைய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் அந்த 17,000 திரும்பி வரும். ஆனால் இன்றைய விலைக்கு விற்பதென்றால் முதலில் வங்கிக்கு 28,000 கட்டவேண்டும். பதினேழை வாங்க இருபத்தெட்டைக் கொடுக்கும் வியாபாரத்தை நம்மூர்ச் சந்தையில் எவனும் செய்யமாட்டான்.

என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது மாதக் கணக்கு. வாடகை 1,700 வரும். கடன் தவணை 1,537, கட்டடப் பராமரிப்புக்கான சேர்விஸ் சார்ஜ் 350. வரிக்கு முன்பே 187 பவுண் நட்டம். அதற்கு மேல் வருமான வரி வேறு! 2020 ஏப்ரலிலிருந்து வீட்டுக் கடன் வட்டியைச் செலவாகக் கழிக்க விடுவதில்லை, வட்டியில் 20 வீதத்தை மட்டும் வரியிலிருந்து குறைக்கிறார்கள். நான் 40 வீத வரிக்குள் நிற்பதால், நட்டத்தில் ஓடும் வீட்டுக்கு மாதம் 320 பவுண் அளவில் வரி கட்டவேண்டும். எல்லாமாக மாதம் 500 பவுணுக்கு மேல் கையிலிருந்து போகும். எங்கள் சேமிப்பு 62,000. விற்றுவிட்டு வாங்கினால் வங்கிக்கு 28,000 உம் முத்திரை வரி 7,000 உம் போய்க் கையில் 27,000 மிஞ்சும்; விற்காமல் வாங்கினால் முத்திரை வரி 24,000 போய் 38,000. இந்தப் பதினோராயிரம் இலாபம் இரண்டு வருடத்துக்குள் கரைந்துவிடும். அதற்குள் கட்டடம் திருத்தப்பட்டு விலை ஏறினால் தப்பினோம். விலை ஏறும் என்று நான் நம்புகிறேனா என்று மச்சாள் கேட்டால், ஆம் என்று சொல். நீ கேட்டால், தெரியாது.

வழக்கறிஞரிடம் நடந்ததையும் சொல்லவேண்டும். சேமிப்பில் 9,000 பவுண் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள இளம்பெண் கேட்டாள். சீட்டு என்றேன். முழுவதையும் விளக்கி முடித்தபின், "இதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றாள். சீட்டுப் பிடிக்கும் அக்கா கணக்கெழுதும் சீ.ஆர். கொப்பியை, எண்ணெய்க்கறை படிந்த பக்கங்களோடும் பெயர்களுக்குப் பதிலாக எழுதியிருந்த "கடைக்காரர்", "மூன்றாம் மாடி" என்ற குறிப்புகளோடும் படமெடுத்து அனுப்பினேன். ஆச்சரியம் என்னவென்றால், வங்கிக் கணக்கில் மாதாமாதம் போன தொகையோடு ஒத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். நீ தருவதாகச் சொன்ன பணத்தை நான் வேண்டாமென்றது வீம்பினால் அல்ல. அது கடன் இல்லை, திருப்பிக் கேட்கமாட்டேன் என்று நீ கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தாலும் நண்பனிடமிருந்து வரும் பணத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. இல்லாததை எழுதி உன்னைக் கையெழுத்திட வைக்க எனக்கு மனமில்லை.

இனி நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பத்தாம் வகுப்பிலிருந்தே என் கூட்டலில் பிழை பிடிப்பது உனக்குப் பொழுதுபோக்கு. இப்போது கணக்காளனாக அதற்குச் சம்பளமும் வாங்குகிறாய். மேலே எழுதிய இலக்கங்களை ஒருமுறை பார். எதிர்வரும் வியாழக்கிழமை விற்பவரோடு ஒப்பந்தப் பத்திரத்தைப் பரிமாறிக்கொள்கிறோம். அதுவரை இரு தரப்பும் விலகலாம், அதன்பின் விலகினால் கட்டிய முற்பணம் போய்விடும். புதன் இரவு நேரம் பாராமல் கோல் எடு. கட்டையனுக்கு இப்போதைக்குச் சொல்லாதே.

அன்புடன்,
உன் நண்பன்