உன்டெரூல்டிங்கன் மரக்கால் வீடுகள்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

தெற்கு ஜெர்மனியில், போடன்சே ஏரிக்கரையில் உள்ள உன்டெரூல்டிங்கன் ஊரின் மரக்கால் வீடுகள், அதாவது மரக்கால்களை நட்டு அவற்றின்மேல் கட்டிய பழங்கால வீடுகள் பற்றிய தமிழ்க் கையேடு அச்சுக்குப் போகிறது. உதவியவர்கள் பெயர் வேண்டாம் என்றுவிட்டதால், அவரவர் தொழிலைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதலில் தச்சர்களுக்கு. கரையிலிருந்து தெரியும் வீடுகள் எல்லாம் மறுகட்டுமானங்கள். முதல் இரண்டும் 1922இல் எழுந்தவை. கால்மரம் எங்கே உளுக்கும் என்றால் பலரும் அடியைக் காட்டுவார்கள். சேற்றில் காற்றுப்படாத அடிப்பகுதி தாக்குப்பிடிக்கும்; நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கிறது. குளிர்கால இறுதியில் வற்றி, ஆல்ப்ஸ் பனி உருகும் கோடைத் தொடக்கத்தில் இந்த ஏரி ஒன்றரை மீட்டர் அளவுக்கு உயரும். அதனால் கெடும் பகுதியும் நீளம்.

அடுத்து, முக்குளிக்கும் ஆய்வாளர்களுக்கு. அசல் குடியிருப்பு ஏரித்தரை வண்டலுக்குள் கிடக்கிறது. ஆல்ப்ஸைச் சுற்றி ஆறு நாடுகளில் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 111 மரக்கால் குடியிருப்பு இடங்களில் இதுவும் ஒன்று. வீட்டைப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை! முக்குளிப்பு குளிர்காலத்தில்தான் நடக்கும்: பாசி குறைவு, தண்ணீர் தெளிவு, படகும் குறைவு. வண்டல் அரிக்கப்படும் இடங்களில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மேலே சரளை போடும் முறை இந்த ஏரியில் கையாளப்படுகிறது. துணி நீரை விடும், மண்ணைப் பிடிக்கும். ஓரத்தில் சரளை மெலிந்தால் அலை அடியில் புகுந்து துணியைக் கிளப்பிவிடும். போட்டுவிட்டு மறந்துவிட முடியாது.

மரங்களைப் பதப்படுத்துவோருக்கும் நன்றி. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊறிய மரத்துக்கு முட்டுக்கொடுத்துத் தாங்குவது தண்ணீர்தான். வெயிலில் உலர்த்தினால் செல்கள் ஒடுங்கி, மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் எடுத்தவுடன் நீரிலேயே வைத்து, பிறகு தண்ணீருக்குப் பதிலாக மரத்தைத் தாங்கும், மெழுகு போன்ற பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்து, உறையவைத்து உலர்த்துகிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிப்போர் சொன்னதையும் சேர்த்திருக்கிறோம்: பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் வெட்டிய ஆண்டு கிடைக்கும். அது செதுக்கப்பட்டிருந்தால் ‘இந்த ஆண்டுக்குப் பிறகு’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படகுக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆழமற்ற கரையோரத்தில் நங்கூரம் வண்டலை உழுதுவிடும், படகை உந்தும் விசிறியின் சுழற்சி அதைக் கிளப்பிவிடும் என்று விளக்கியது அவர்கள்தான். நீர் வற்றிய நாளில் சேற்றில் கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அசைக்கவோ பிடுங்கவோ கூடாது என்ற அவர்களது எச்சரிக்கையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்