தவக்காலத் தீர்மானங்கள் பாதியில் நிற்பது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோபம், கைப்பேசி, புறணி என எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடத் தீர்மானிக்கிறோம். இரண்டாம் வாரத்திலேயே சோர்ந்து, விசுவாசம் போதவில்லை என்று நொந்துகொள்கிறவர்கள் அதிகம். பெரும்பாலும் முறையில்தான் சிக்கல்.

16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்மச் சோதனை (தன்னைத் தானே ஆராய்தல்) முறையில் ஒரே ஒரு குறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுந்ததும் அதை நினைவில் கொள்ளுங்கள். தவறும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்து வருந்துங்கள்; கூட்டத்தில் இருந்தாலும் பிறர் கவனிக்காமல் செய்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவிலும், எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளிகளை நோட்டில் வையுங்கள். நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் புள்ளிகள் கூடலாம். கோபம் வளர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை, இதுவரை கண்ணில் படாதது இப்போது படுகிறது. பலர் நோட்டை மூடிவிடுவது இங்கேதான்.

தவறுவதாலேயே விசுவாசம் இல்லை என்றாகிவிடாது. தூய ஆவி இறங்கிய பெந்தகொஸ்தே நாளில் துணிந்து பேசிய, இயேசுவின் சீடர் பேதுருவே பின்னாளில் அந்தியோக்கியா நகரில் சிலருக்கு அஞ்சி, யூதரல்லாதாருடன் உண்பதை நிறுத்தினார் (கலாத்தியர் 2:12). தூய ஆவியைப் பெற்றவரிடமும் பழைய பயம் எட்டிப் பார்த்தது. தவக்காலத் தியானம் கொடுக்கும் குருக்கள் இதையும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

வாசகர், பாளையங்கோட்டை