கேடயம் வேண்டாம், ஐந்தாண்டுச் சான்று போதும்

தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும்,

வணக்கம். நான் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்றுத்தரும் அருங்காட்சியகங்களுக்கு ஒரு தரச்சான்று கேட்டு எழுதுகிறேன். போன தை மாதம் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். வட்டச் சில்லுகள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் ஒரு சிறுமி நின்றுவிட்டாள். "சார், இது நாங்க பாண்டி ஆடுற சில்லு!" உடைந்த பானை ஓட்டின் விளிம்பைத் தேய்த்து உருட்டியது; அவள் வீட்டு வாசல்படியில் உரசி எடுப்பதும் அதே மாதிரிதான். அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. 'ஆதன்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய ஓட்டைக் காட்டி, பானையைச் சுட்டதற்கு முன் கீறினார்களா, பின்பா, பானைக்காரரே கீறினாரா என்று கேட்டார்கள். பாதிக் கேள்விக்கு நான் விழித்தேன்.

இன்னோர் இடத்துக்கும் போனோம். பெயர் வேண்டாம். அறுபது பேரை வரிசையில் நிறுத்தி, அரசர் பட்டியலை ஒப்பித்து, "தொடாதே, நகரு" என்று நாற்பதே நிமிடத்தில் வெளியே விட்டார்கள். பேருந்தில் பிள்ளைகள் பேசியது வாசலில் விற்ற மாங்காய்க் கீற்றைப் பற்றி. பள்ளிப் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான் எழுதினேன்: கல்விச் சுற்றுலா, மாணவர் 60.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு தரச்சான்று வேண்டும். பிரிட்டனில் அருங்காட்சியகங்கள், பழைமையான இடங்கள் ஆகியவற்றின் கல்விப் பணிக்கென்று 1978 முதல் சாண்ட்ஃபோர்டு விருது இருக்கிறது. ஓரிடத்தை இன்னோரிடத்தோடு போட்டிக்கு விடுவதில்லை. நடுவர்கள் நேரில் வந்து பார்க்கிறார்கள், தகுதி இருந்தால் தருகிறார்கள். ஐந்தாண்டு கழிந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கெடுதான். நம் ஊரில் கேடயம் அலமாரி ஏறிவிட்டால் அதோடு சரி.

நடுவர்கள் தொடுதிரைகளை எண்ண வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் வந்து ஓரமாக நிற்கட்டும். யார் அதிகம் பேசினார், வழிகாட்டியா பிள்ளைகளா? கையில் வாங்கிப் பார்க்க ஓர் ஓட்டுத் துண்டாவது கிடைத்ததா? பார்வை இல்லாத பிள்ளைக்கு என்ன வைத்திருந்தார்கள்? உட்கார்ந்து சாப்பிட நிழல், கழிப்பறையில் தண்ணீர்? சிரிக்காதீர்கள், இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்த பிள்ளைக்கு அதுதான் முதல் பாடம்.

சான்றில் இடத்தின் பெயரோடு விளக்கிச் சொன்னவர் பெயரும் இருக்கட்டும்.

கீழடி, திருமலை நாயக்கர் மகால், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை என உங்கள் பொறுப்பில் உள்ள மூன்றில் தொடங்கலாம். நடுவர் குழுவுக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டால் சொல்லுங்கள், என் தற்செயல் விடுப்பில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்